நாலாவது போர்வெல் எங்க போடலாம்?

கேள்வி: எங்க குடியிருப்புல பத்து வருஷத்துல வீடுங்க ரெண்டு மடங்கு ஆயிடுச்சு, இருக்கற மூணு போரும் பத்தல. நாலாவது போர் போடலாம்னு சங்கத்துல முடிவு பண்ணிருக்கோம். சரியான இடத்த எப்படி கண்டுபிடிக்கிறது?

பதில்: இடத்த அப்புறம் பாக்கலாம், மொதல்ல எவ்ளோ தண்ணி வேணும்னு கணக்கு போட்டீங்களா? நெறைய பேர் இத பண்றதே இல்ல, நேரா ரிக் வண்டிக்காரருக்கு போன் போட்டுடறாங்க. 5,000 பேர், ஆளுக்கு 100 லிட்டர்னு வெச்சுக்கோங்க, ஒரு நாளைக்கு 5 லட்சம் லிட்டர், வருஷத்துக்கு 18 கோடிய தாண்டிடும். இப்போ மழைப் பக்கம் வாங்க. வருஷத்துக்கு 900 மில்லிமீட்டர் பெய்யுது, அதுல பத்துல ஒரு பங்கு நிலத்தடிக்கு போகுதுன்னா (மண்ணு, பாறைய பொறுத்து இது கூடும் குறையும்) ஒரு சதுர மீட்டருக்கு 90 லிட்டர்தான். அப்போ உங்களுக்கு சுமார் 2 சதுர கிலோமீட்டர், அதாவது 500 ஏக்கர்ல இறங்கற தண்ணி மொத்தமும் வேணும், அதுலயும் பக்கத்து தோட்டத்து கெணறுங்க பங்குக்கு நிக்கும். இந்த கணக்கு ஒதைக்குதுன்னா நாலு இல்ல நாப்பது போர் போட்டாலும் இருக்கறதத்தான் பங்கு போட்டுக்குவீங்க.

கணக்கு சரியா வந்துச்சுன்னா தேட ஆரம்பிங்க. செலவே இல்லாத வேலை, சுத்தி இருக்கற கெணறு, போர் எல்லாத்தையும் ஒரு மேப்புல குறிக்கறது: எவ்ளோ ஆழம், எத்தன அடில தண்ணி வந்துச்சு, கோடையில எங்க நிக்குது, எது வத்துச்சு. வத்திப்போன போரையும் விடாம குறிங்க, அதுல இருக்கற தகவல் வேற எங்கயும் கெடைக்காது. கடினப் பாறை பகுதின்னா தண்ணி மேல இருக்கற சிதைஞ்ச பாறையிலயும் அதுக்கு கீழ விரிசல்லயும்தான் நிக்கும், அந்த விரிசல் மண்டலங்க சாட்டிலைட் படத்துல நேர்கோடு மாதிரி தெரியும், ஓடை திடீர்னு நேரா ஓடறது, மரம் வரிசையா பச்சையா நிக்கறது இப்படி. ரெண்டு கோடு வெட்டிக்கற எடம் கெடைச்சா அங்க மொதல்ல பாக்கலாம்.

அப்புறம்தான் ரெசிஸ்டிவிட்டி சர்வே, அதாவது கீழ இருக்கற மண்ணும் பாறையும் கரண்ட எவ்ளோ தடுக்குதுன்னு அளக்கறது. நாலு கம்பிய தரையில அடிச்சு, வெளிய இருக்கற ரெண்டுல கரண்ட் விட்டு, உள்ள இருக்கற ரெண்டுல வோல்டேஜ் பாப்பாங்க. கம்பிய அகலமா தள்ள தள்ள ஆழத்துல இருக்கறது தெரியும். ஈரமான சிதைஞ்ச பாறை கரண்ட நல்லா கடத்தும், கெட்டிப் பாறை கடத்தாது. ஆனா களிமண்ணும் கடத்தும், உப்புத்தண்ணியும் கடத்தும், அதனால மெஷின்ல நம்பர் கொறைஞ்சுதுன்னு பாத்ததும் தண்ணின்னு சொல்றவர நம்பாதீங்க, பக்கத்து போர்ல வந்த மண்ணு விவரத்தோட ஒப்பிட்டு சொல்றவர கூப்பிடுங்க.

கேள்வி: குச்சி புடிச்சு நீரோட்டம் பாக்கறவர் சொன்ன எடத்துல எங்க சொந்தக்காரருக்கு தண்ணி வந்துச்சே?

பதில்: வரும். ஓரளவு மழை பெய்யற எடத்துல எங்க தோண்டினாலும் ஏதோ ஒரு ஆழத்துல தண்ணி இருக்கும். எவ்ளோ வரும், எத்தன வருஷம் வரும்னு அந்த குச்சி சொல்லுமா?

கேள்வி: ரிக்காரர் மணிக்கு 20,000 லிட்டர் வருதுன்னு சொல்லிட்டார். அத நம்பி டேங்க் கட்டலாமா? இன்னும் ஆழமா போனா கூட வருமா?

பதில்: ரெண்டுக்கும் இல்லதான். கம்ப்ரசர் காத்துல பீச்சி அடிக்கறத பாத்து சொல்ற அளவு அது, கொஞ்ச நேரத்துக்கானது. பம்பிங் டெஸ்ட் எடுங்க: ஒரே அளவுல 24 மணி நேரமாவது, ஊருக்கே சப்ளைன்னா 72 மணி நேரம் எடுத்து, நீர்மட்டம் எவ்ளோ எறங்குதுன்னு எழுதிகிட்டே வரணும், நிறுத்தினப்பறம் எவ்ளோ நேரத்துல ஏறுதுன்னும் பாக்கணும். இந்த எறக்கத்த வெச்சு பாறையோட திறன கணக்கு பண்ற வழிய 1935ல தைஸ்ங்கற அமெரிக்க நிலத்தடிநீர் ஆய்வாளர் கொடுத்தார், இன்னிக்கும் அதுதான் அடிப்படை. எறக்கம் திடீர்னு வேகமாச்சுன்னா அந்த விரிசல் தொட்டி சின்னது, எல்லைய முட்டிடுச்சுன்னு அர்த்தம். டெஸ்ட் ஓடறப்போ பழைய மூணு போர்லயும் மட்டத்த பாருங்க, அங்க எறங்குச்சுன்னா புதுசும் பழசும் ஒரே தண்ணியத்தான் இழுக்குது, நீங்க எதயும் புதுசா கண்டுபிடிக்கல. செலவ மிச்சம் பண்ணணும்னா கடைசி எறநூறு அடிய விடுங்க, டெஸ்ட்ட விடாதீங்க. கடினப் பாறையில ஆழம் போக போக விரிசல் பொதுவா கொறையும், அங்கங்க விதிவிலக்கு உண்டு.

கேள்வி: தண்ணி தெளிவா, ருசியாவும் இருக்கு. லேப் டெஸ்ட் தேவையா?

பதில்: கண்டிப்பா. ஃப்ளோரைடும் ஆர்செனிக்கும் கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு லிட்டருக்கு ஃப்ளோரைடு 1.5 மில்லிகிராம், ஆர்செனிக் 0.01. குளத்துத்தண்ணி கிருமிக்கு பயந்து வங்கதேசத்துல லட்சக்கணக்குல குழாய்க் கெணறு போட்டாங்க, அதுல ஆர்செனிக் இருக்கறது 1993லதான் தெரியவந்துச்சு. கடலோரம்னா உப்பு இன்னொரு தலைவலி, கடல்மட்டத்துக்கு மேல 1 மீட்டர் நல்லதண்ணி நின்னா கீழ சுமார் 40 மீட்டர் வரைக்கும் நல்லதண்ணி இருக்கும்னு ஒரு கணக்கு, மேல ஒரு மீட்டர் கொறைஞ்சா கீழ உப்பு எவ்ளோ ஏறும்னு நீங்களே பாத்துக்கோங்க.

கேள்வி: டெஸ்ட் எல்லாம் நல்லா வந்துச்சுன்னா மோட்டார் இறக்கிடலாமா?

பதில்: இறக்கலாம். டெஸ்ட்ல வந்த அளவ விட கொஞ்சம் கம்மியா எடுக்கற மோட்டாரா பாருங்க. கூடவே மட்டம் பாக்க ஒரு சின்ன பிவிசி பைப்பையும் சேத்து இறக்க சொல்லுங்க, மோட்டாரும் கேபிளும் உள்ள போனப்பறம் டேப் விட எடம் இருக்காது. மாசம் ஒரு தடவ அளந்து நோட்டுல எழுதி வைங்க, அடுத்த கோடைக்கு எத்தன மணி நேரம் ஓட்டலாம்னு அத வெச்சே முடிவு பண்ணலாம்.