வெரோனிகா காத்திருக்கவில்லையா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

போர்ப்படங்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டாம் உலகப்போர் பற்றிய சோவியத் படமான 'தி கிரேன்ஸ் ஆர் ஃபிளையிங்' பார்த்தேன். ஒளிப்பதிவு பிரமாதம், அதில் சந்தேகமில்லை. ஆனால் படம் முடிந்தபோது எனக்குக் கோபம்தான் மிஞ்சியது. வெரோனிகாவின் காதலன் போரிஸ் தானாக முன்வந்து போர்முனைக்குப் போகிறான். அவன் போன கொஞ்ச காலத்திலேயே வெரோனிகா அவனுடைய ஒன்றுவிட்ட சகோதரன் மார்க்கைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். கடைசியில் அவள் கையில் பூங்கொத்தைக் கொடுத்து நம்மை அழ வைக்கிறார்கள். இது என்ன நியாயம்?

என் அப்பா ராணுவத்தில் இருந்தவர். எங்கள் சிறுவயதில் பெரும்பாலும் அவர் வீட்டில் இல்லை. அம்மா ஒருநாளும் முகம் சுளித்து நாங்கள் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர்களை விட்டுவிட்டு, காத்திருக்க முடியாத ஒருத்தியைப் பற்றி ஏன் படம் எடுக்கிறார்கள்? நம் சங்க இலக்கியத்தில் முல்லைத் தலைவி எப்படி இருந்தாள்! அம்மாவுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டலாம் என்று நினைத்தேன். சங்கடமாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. கல்யாணப் பேச்சு வருவதற்கு முன்பே போரிஸ் இறந்துவிட்டான்.

படத்தின் வரிசையைக் கவனியுங்கள். குண்டுவீச்சு நடக்கும் இரவில், காலியான வீட்டில், மார்க் அவளைப் பலவந்தப்படுத்துகிறான். அவள் அவனை மாறி மாறி அறைகிறாள். அடுத்த காட்சி சேற்று நிலம். காயம்பட்ட தோழனைத் தூக்கிக்கொண்டு நடக்கும் போரிஸ் சுடப்படுகிறான். தலைக்குமேல் பிர்ச் மரங்கள் சுழல்கின்றன, அவன் நினைவில் நடக்கவே நடக்காத ஒரு திருமணம் ஓடுகிறது. அதற்கு அப்புறம்தான் மார்க்கும் வெரோனிகாவும் வீட்டாரிடம் கல்யாணச் செய்தியைச் சொல்கிறார்கள். அவள் முகத்தைப் பார்த்து அதைச் சம்மதம் என்று சொல்ல முடியுமா என்றே எனக்குச் சந்தேகம். இதற்கெல்லாம் முன்பே அவளுடைய பெற்றோரும் குண்டுவீச்சில் செத்துப்போயிருக்கிறார்கள். எரியும் கட்டடத்தின் படிகளில் ஓடி ஏறித் தன் வீட்டுக் கதவைத் திறக்கிறாள், உள்ளே வீடே இல்லை, வெறும் வெளி. சாகும்போது போரிஸின் நினைவிலும் அவன் படிகளில்தான் ஓடி ஏறுகிறான். இயக்குநர் கலத்தோசவும் ஒளிப்பதிவாளர் உருசெவ்ஸ்கியும் இந்த இரண்டு ஓட்டங்களையும் எங்கும் விளக்குவதில்லை. பார்ப்பவர்கள் தாமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆக, போரிஸ் இறந்தது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. கடிதம் வரவில்லை. காணாமல் போனவர்களில் ஒருவன், அவ்வளவுதான். போர்முனையையும் வீட்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கும் வசதி நமக்கு இருக்கிறது. அந்த வசதியில் உட்கார்ந்துகொண்டு, இறந்துபோன ஒருவனுக்கு அவள் துரோகம் செய்துவிட்டாள் என்று நாம் கோபப்படுகிறோம். வீட்டில் இருப்பவருக்குத் தகவல் கிடையாது. காத்திருப்பு என்று நாம் பெருமையாகச் சொல்வதில் பெரும்பகுதி இந்தத் தகவலின்மைதான். 'அமரன்' படத்தை நினைத்துப் பாருங்கள். மேஜர் முகுந்த் வரதராஜன் 2014-ல் இறந்தது செய்தித்தாள் படித்த எல்லோருக்கும் தெரியும். திரையில் அவர் மனைவி இந்து சிரிக்கும் ஒவ்வொரு முறையும் நம் தொண்டை அடைத்துக்கொண்டதற்குக் காரணம், அவளுக்கு முன்பே நமக்குத் தெரிந்திருந்ததுதான். அங்கே அது இரக்கமாக வந்தது. வெரோனிகா விஷயத்தில் கோபமாக வந்திருக்கிறது.

கோபம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ரஷ்யாவிலேயே ஒரு முன்கதை உண்டு. கான்ஸ்தந்தின் சீமனவ் 1941-ல், போர் தொடங்கிய வருடமே, காதலிக்கு எழுதுவதுபோல ஒரு கவிதை எழுதினார். எனக்காகக் காத்திரு, நான் திரும்பி வருவேன், நீ காத்திருந்ததுதான் என்னைக் காப்பாற்றியது என்பது அதன் சாரம். செய்தித்தாளிலிருந்து கத்தரித்து வீரர்கள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள். பதுங்குகுழியில் கிடப்பவனுக்கு அது தேவைப்பட்டது, அதைக் குறை சொல்ல நமக்குத் தகுதியில்லை. ஆனால் அதே கவிதையை வீட்டில் இருப்பவள் பக்கம் நின்று படித்துப் பாருங்கள். அவன் திரும்பினால் அவள் காத்திருந்தாள். திரும்பாவிட்டால்? சோவியத் ஒன்றியம் அந்தப் போரில் ஏறக்குறைய 2 கோடியே 70 லட்சம் பேரை இழந்தது. சரியாகக் காத்திருந்தால் உயிர் தப்பும் என்றால், அத்தனை வீடுகளிலும் யாரோ சரியாகக் காத்திருக்கவில்லை என்று ஆகிவிடும். 1957-ல் இந்தப் படம் வந்தபோது திரையரங்குகளில் அப்படிப்பட்ட பெண்கள் நிறைய உட்கார்ந்திருந்திருப்பார்கள். அடுத்த வருடம் கான் விழாவில் தங்கப்பனை விருது வாங்கியது வேறு விஷயம். அந்தப் பெண்கள் என்ன நினைத்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் எனக்கு ஆசை.

இனி முல்லைத் தலைவி. எப்படி இருந்தாள் என்று ஆச்சரியக்குறி போட்டிருக்கிறீர்கள். முல்லைப்பாட்டு மொத்தமே 103 அடிதான், ஒருமுறை எடுத்துப் படியுங்கள். முதுபெண்டிர் ஊருக்கு வெளியே போய் நெல்லும் முல்லையும் தூவி நற்சொல் கேட்டு வருகிறார்கள். தாய்ப்பசுவைக் காணாமல் தவிக்கும் கன்றுகளிடம் ஓர் இடைப்பெண், உங்கள் தாயர் இப்போதே வந்துவிடுவார்கள் என்கிறாள். நல்ல சகுனம், உன் கணவன் வந்துவிடுவான் என்று இவளிடம் வந்து சொல்கிறார்கள். திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அவள் தேறவில்லை, கண்ணில் நீர் நிற்கவில்லை. கழன்ற வளையைத் திருத்திக்கொள்கிறாள், மயங்குகிறாள், பெருமூச்சு விடுகிறாள், அம்பு தைத்த மயில்போல நடுங்குகிறாள். நாம் பாடப்புத்தகத்தில் கற்பித்துக்கொண்ட அமைதியான பத்தினி இந்தப் பாட்டில் இல்லை.

பாட்டை எழுதிய நப்பூதனார் அப்படியே அவளை விட்டுவிட்டுப் பாசறைக்குத் தாவுகிறார். சினிமாவில் வெட்டிக் காட்டுவதுபோலத்தான். அங்கே அரசனுக்கும் தூக்கமில்லை. அவன் எதை நினைத்து விழித்திருக்கிறான் என்பதுதான் எனக்கு இன்றும் அதிர்ச்சி தருவது. துதிக்கை வெட்டுப்பட்ட யானைகள், செஞ்சோற்றுக்கடன் தீர்த்துச் செத்த வீரர்கள், அம்பு தைத்து, புல் தின்னாமல் காதைச் சாய்த்து நிற்கும் குதிரைகள். ஒரு கையைப் படுக்கையில் ஊன்றி, ஒரு கையால் தலையைத் தாங்கி உட்கார்ந்திருக்கிறான். அவள் அவனை நினைக்கிறாள், அவன் குதிரையை நினைக்கிறான். இதில் யாரையும் புலவர் குற்றம் சொல்லவில்லை. கடைசியில் அவன் வென்று திரும்புகிறான். கூரையிலிருந்து கொட்டும் மழைநீரின் ஓசையைக் கேட்டுப் படுத்திருக்கும் அவள் காதில் தேர்க்குதிரைகளின் ஒலி நிறைகிறது. பாட்டு முடிந்தது. இருவரும் சந்திப்பதைக் காட்டவில்லை. நெடுநல்வாடையில் அந்தத் தேர் ஒலியும் கிடையாது. கட்டில் விதானத்தில் தீட்டிய உரோகிணியையும் நிலவையும் பார்த்து அரசி பெருமூச்சு விட, பாசறையில் அரசன் நள்ளிரவில் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டே நடக்க, அப்படியே நின்றுவிடுகிறது.

அந்தத் தேர் வாசலில் நின்ற பிறகு என்ன ஆகும்? அதைச் சொல்லத்தான் சினிமா வர வேண்டியிருந்தது. 1946-ல் வில்லியம் வைலர் எடுத்த 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' முழுக்க அதுதான். வைலரே விமானப்படைக்காகப் படம்பிடிக்கப் போய், காது பாதிக்கப்பட்டுத் திரும்பியவர். மூன்று பேர் ஒரே ஊருக்குத் திரும்புகிறார்கள். ஒருவனுடைய மனைவிக்கு அவன் சீருடையில் இருந்தால்தான் பிடிக்கிறது. சாதாரணக் கோட்டில் வந்தவனைத் திரும்பவும் சீருடை போட்டுக்கொள்ளச் சொல்கிறாள். இன்னொருவன், நடுத்தர வயது, வீட்டுக்கு வந்த முதல் இரவே மனைவியோடு தனியாக இருக்கத் தெரியாமல் எல்லோரையும் இழுத்துக்கொண்டு குடிக்கப் போகிறான். மூன்றாமவன் ஹோமர், இரண்டு கைகளும் போய் இரும்புக் கொக்கிகளோடு வந்தவன். அந்த வேடத்தில் நடித்த ஹரால்ட் ரசல் உண்மையிலேயே ராணுவப் பயிற்சியில் நடந்த வெடிவிபத்தில் கைகளை இழந்தவர், தொழில்முறை நடிகர் அல்ல. ஹோமர் தனக்காகக் காத்திருந்த வில்மாவைத் தன் அறைக்கு அழைத்துப்போய், ராத்திரி கொக்கிகளைக் கழற்றினால் தான் என்ன ஆவான் என்று காட்டுகிறான். சட்டைப் பொத்தான் போட முடியாது, கதவு சாத்திக்கொண்டால் திறந்து வெளியே வர முடியாது. வசனம் பேசுவதுபோலவே இல்லை, ஒரு இயந்திரத்தை எப்படிக் கையாள்வது என்று விளக்குவதுபோலச் சொல்கிறான். அவள் கேட்டுவிட்டு, அவன் இரவுச் சட்டையின் பொத்தானைப் போட்டுவிடுகிறாள். இத்தனை நாள் இல்லாத தகவல் அவளுக்கு அப்போதுதான் கிடைக்கிறது. முடிவெடுக்கிற உரிமையும் கூடவே கிடைக்கிறது. வெரோனிகாவுக்கு அந்த இரண்டும் கிடைக்கவே இல்லை.

'தி கிரேன்ஸ் ஆர் ஃபிளையிங்' பற்றி எனக்கும் ஒரு குறை உண்டு, ஆனால் உங்களுடையதற்கு நேர் எதிர். மார்க்கை இவ்வளவு கெட்டவனாக ஆக்கியிருக்க வேண்டாம். லஞ்சம் கொடுத்து ராணுவத்திலிருந்து தப்பித்தவன், வேறொருத்தி பின்னால் போகிறவன் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, அவனை விட்டு வெரோனிகா வெளியேறும் பாதையைச் சுலபமாக்கிவிட்டார்கள். மார்க் நல்லவனாக இருந்திருந்தால் படம் இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும், இன்னும் பெரிய படமாகவும் இருந்திருக்கும். அமெரிக்காவில் 1978-ல் வந்த 'கமிங் ஹோம்' அந்தத் துணிச்சலைக் காட்டியது. வியட்நாம் போருக்குப் போன கணவன் திரும்புவதற்குள் மனைவி நேசித்துவிடும் மனிதன், இடுப்புக்குக் கீழே செயலிழந்த முன்னாள் வீரன், நல்லவன். ஆனால் அந்தப் படமும் கடைசியில் கணவனைக் கடலுக்குள் அனுப்பிவிட்டுத் தன் சிக்கலைத் தீர்த்துக்கொள்கிறது. மூன்று பேரையும் உயிரோடும் மரியாதையோடும் வைத்துக்கொண்டு கதையை முடிக்க யாருக்கும் தைரியம் வருவதில்லை போலிருக்கிறது.

கடைசியாக, சைபீரிய மருத்துவமனைக் காட்சியை மட்டும் திரும்பப் பாருங்கள். காதலி வேறொருவனை மணந்துவிட்ட செய்தி கேட்டு ஒரு வீரன் காயக்கட்டைப் பிய்த்துக்கொண்டு கத்துகிறான். அவனைச் சமாதானப்படுத்தப் போரிஸின் அப்பா, அந்த வார்டின் மருத்துவர், அப்படிப்பட்ட பெண்கள் மதிப்பில்லாதவர்கள் என்று பேசுகிறார். சுற்றியிருக்கும் நோயாளிகளும் ஆமோதிக்கிறார்கள். செவிலியாக வேலை பார்க்கும் வெரோனிகா அங்கேயே நின்று கேட்கிறாள். உங்கள் கடிதத்தின் முதல் பத்தி ஏறக்குறைய அந்த வார்டில் பேசப்பட்டதுதான். அவர் கெட்ட மனிதர் அல்ல, எதிரில் இருக்கும் நோயாளி ஒருவனைத் தேற்றத்தான் பேசினார். அதைக் கேட்டுவிட்டு அவள் ரயில் பாதையை நோக்கி ஓடுகிறாள்.

அம்மாவுக்குக் காட்டலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், காட்டுங்கள். பிள்ளைகள் முன்னால் அவர் முகம் சுளிக்கவில்லை என்பது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். முல்லைப்பாட்டு அரசிக்கும் ஒரு மகன் இருந்திருந்தால் அவனும் அப்படித்தான் எழுதியிருப்பான். போரிஸ் போகும் நாளில் வெரோனிகா தாமதமாக வந்து, கூட்டத்துக்குள் அவனைத் தேடி, கையில் இருந்த பிஸ்கட் பொட்டலத்தை அணிவகுப்பை நோக்கி எறிகிறாளே, அது உடைந்து சிதறி நடப்பவர்களின் காலில் மிதிபடுகிறதே, அந்த இடத்தில் அம்மா ஏதாவது சொல்லக்கூடும். படத்தை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். உங்கள் தீர்ப்பை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அவரும் அந்த வார்டில் நிற்பவராகிவிடுவார், வாயைத் திறக்க மாட்டார்.

அன்புடன்.