கேவுரு விளையும் இமயமலை

குமாவுன் மலைப்பக்கம் பற்றிப் போன இதழில் நான் எழுதிய அரைப் பக்கத்துக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: நான் கம்மவான்பேட்டைக்காரி. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார். என் வீட்டுக்காரரும் அப்படித்தான். 1991-லிருந்து மூன்று வருஷம் ராணிகேத்தில் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அதற்குப் பிறகும் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு ஆறு தடவை போய் வந்துவிட்டேன்.

அக்கா, மே மாத லீவில் எல்லாரும் மணாலி போகச் சொல்கிறார்கள். நீங்கள் குமாவுன் என்கிறீர்கள். அது எங்கே இருக்கிறது? காட்பாடியிலிருந்து எப்படிப் போவது? மாமனாருக்கு 68 வயது. மூச்சு வாங்குமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, குடியாத்தம்

உத்தராகண்ட் மாநிலத்தின் கிழக்குப் பக்கம் குமாவுன், மேற்குப் பக்கம் கட்வால். பத்ரிநாத்தும் கேதார்நாத்தும் கட்வாலில் இருப்பதால் நம் ஆட்கள் அந்தப் பக்கமே போய்த் திரும்பிவிடுகிறார்கள். குமாவுனில் நைனிடால், ராணிகேத், அல்மோரா, கௌசானி, பாகேஷ்வர், முன்சியாரி எல்லாம் இருக்கின்றன. கிழக்கே காளி நதியைத் தாண்டினால் நேபாளம்.

காட்பாடியில் கேரளா எக்ஸ்பிரஸ் பிடித்தால் புதுடில்லி. பழைய டில்லி ஸ்டேஷனிலிருந்து இரவில் ராணிகேத் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, விடியற்காலையில் காத்கோதாமில் இறக்கிவிடும். பெரியவரைக் கூட்டிப் போவதால் டில்லியில் ஒரு ராத்திரி தங்கிவிட்டே கிளம்புங்கள். முதல் ரயில் தாமதமானால் அடுத்தது கையை விட்டுப் போய்விடும். காத்கோதாம் என்றால் மரக் குடோன் என்று அர்த்தம். 1884-ல் அதுவரை தண்டவாளம் போட்டார்கள். அதற்கு மேல் ரோடுதான்.

மூச்சைப் பற்றிப் பயம் வேண்டாம். நம்ம ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம் என்றால் அல்மோரா 1,640, கௌசானி 1,890. லடாக் மாதிரி காற்றுக் குறைந்த இடம் இல்லை. ஏற்கனவே நெஞ்சுவலி, ஆஸ்துமா இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கவலைப்படுவது வளைவைப் பற்றித்தான். ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவோடு முடிந்துவிடும், அங்கே நாள் முழுக்க வளைவுதான். மாமனாருக்கு முன் சீட்டைக் கொடுங்கள். காலையில் வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம். கையில் எலுமிச்சம்பழம் இருக்கட்டும்.

ஆனால் மே மாதம் வேண்டாம் தங்கச்சி. சீர் பைன் மரத்தின் காய்ந்த ஊசி இலை மலை முழுக்கக் கிடக்கும். ஒரு பொறி பட்டால் காடே பற்றிக்கொள்ளும். அந்தப் புகையில் பனிமலை கண்ணுக்கே படாது. ரோட்டிலும் கூட்டம். பவாலி தாண்டிக் கைஞ்சி ஆசிரமத்துப் பக்கம் வண்டிகள் மணிக்கணக்காக நிற்கும். காலாண்டு லீவில் ஆயுதபூஜை ஒட்டிப் போங்கள்.

போன ஆகஸ்டில் நைனிடாலில் நாலு நாள் இருந்தோம். ஏரியில் படகு ஓட்டினோம், ஸ்வெட்டர் வாங்கினோம். பனிமலை ஒரு துண்டுகூடப் பார்க்கவில்லை. எங்கே தப்பு செய்தோம்?
– பட்டு நெசவாளர், ஆரணி

இரண்டு இடத்தில் அய்யா. நைனிடால் ஏரி கிண்ணம் மாதிரி மலைகளுக்கு நடுவே கிடக்கிறது. கரையில் உட்கார்ந்தால் பனிச்சிகரம் தெரியாது, மேலே ஸ்னோ வியூவுக்கு ஏற வேண்டும். அடுத்தது, நீங்கள் போனது மழைக்காலம்.

நானும் ராணிகேத்துக்கு ஆகஸ்டில்தான் போய்ச் சேர்ந்தேன். மூணு வயசுப் பிள்ளை இடுப்பில். ஒரு மாசத்துக்கு மேல் மூடுபனியும் தூறலும்தான். துணி காயவில்லை, தீப்பெட்டி பற்றவில்லை. இமயமலை இமயமலை என்கிறார்களே, எங்கே என்று வீட்டுக்காரரிடம் தினமும் சண்டை. செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் விடியற்காலை, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மா கதவைத் தட்டிக் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பின்பக்கத்தில் நிறுத்தினார். வானத்தில் பாதி உயரத்துக்கு வெள்ளைச் சுவர் மாதிரி நிற்கிறது. திரிசூல் 7,120 மீட்டர். அதற்கு வலப்பக்கம் நந்தாதேவி, 7,816 மீட்டர், முழுக்க நம் நாட்டு எல்லைக்குள்ளேயே இருக்கும் மலைகளில் அதுதான் உயரம். இத்தனை நாள் அதற்கு முதுகு காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்திருக்கிறேன். அன்று அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

அதனால் அக்டோபர், நவம்பரில் போங்கள். கௌசானியிலோ ராணிகேத்திலோ மூன்று ராத்திரி ஒரே இடத்தில் தங்குங்கள். அஞ்சரை மணிக்கு எழுந்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்து உட்காருங்கள். வெயில் ஏறினால் மேகமும் ஏறிவிடும். கௌசானியில் 1929-ல் காந்தி தங்கியிருந்து கீதை உரைக்கு முன்னுரை எழுதி முடித்த வீடு இன்று அனாசக்தி ஆசிரமமாக இருக்கிறது. அந்த முற்றத்திலிருந்து பார்ப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அங்கே போனால் என்ன சாப்பிடுவது? எங்கள் அப்பாவுக்குக் கேவுரு (கேழ்வரகு) களி இல்லாமல் ஒரு நாள் போகாது.
– வாசகர், வேலூர் சைதாப்பேட்டை

அப்பாவை முதலில் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்! நான் போகும்போது டிரங்குப் பெட்டியில் பத்துப் படி கேவுரு மாவு கொண்டுபோனேன், அங்கே கிடைக்காது என்று. ஒரு நாள் களி கிண்டிக்கொண்டிருக்கிறேன். நான் சொன்னேனே, அந்தப் பக்கத்து வீட்டு அம்மா, அவரை நான் தீதி என்று கூப்பிடுவேன். எட்டிப் பார்த்துவிட்டு "மண்டுவா!" என்றார். உள்ளே ஓடிப்போய் ஒரு கை மாவு கொண்டுவந்து என் மாவுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரே நிறம், ஒரே வாசனை. அவர்கள் ரொட்டியாகத் தட்டுகிறார்கள், சூட்டோடு நெய்யும் வெல்லமும் வைத்துத் தின்கிறார்கள். நாம் களியும் கூழும் ஆக்குகிறோம். அன்றிலிருந்து அந்த ஊர் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

அதோடு முடியவில்லை. அவர்கள் ஜங்கோரா என்பது நம் குதிரைவாலி. அதில் பால் பாயசம் வைப்பார்கள். கஹத் என்பது கொள்ளு. சிறுநீரகக் கல்லுக்கு நல்லது என்று அங்கேயும் சொல்கிறார்கள். நம்மிடம் இல்லாதது பட் என்ற கறுப்புச் சோயா. அதை வறுத்து இரும்புச் சட்டியில் கொதிக்கவைத்துச் சோற்றில் ஊற்றுகிற குழம்புக்குச் சுட்காணி என்று பேர். ஆற்காட்டுக்கு மக்கன் பேடா எப்படியோ அப்படி அல்மோராவுக்கு பால் மிட்டாய். கோவாவைப் பழுப்பாக வறுத்துக் கட்டியாக்கி, மேலே வெள்ளைச் சர்க்கரை உருண்டைகளை ஒட்டியிருப்பார்கள்.

இவை ஓட்டலில் எளிதில் கிடைக்காது. கிராமத்து வீடுகளில் அறை விடுகிறார்கள், அங்கே தங்கி முன்கூட்டியே சொல்லிவிட்டால் பண்ணித் தருவார்கள். தங்குகிற பணமும் அந்த வீட்டுக்கே போகும். வேலை தேடிப் பிள்ளைகள் எல்லாம் கீழே போய்விட்டுப் பூட்டிக் கிடக்கிற வீடுகளை அந்த மலையில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஹிந்தி தெரியாமல் சமாளிக்க முடியுமா?
– வாசகர், வேலூர்

நம்ம சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களிடம் காந்தி ரோட்டுப் பழக்கடைக்காரர் பெங்காலி, ஹிந்தி எல்லாம் பேசுகிறாரே, பள்ளிக்கூடத்திலா படித்தார்? தேவை வந்தால் பேச்சு வரும். "தீதி", "தாஜ்யூ" என்ற இரண்டு வார்த்தை போதும், அக்கா, அண்ணன் என்று அர்த்தம். முகம் மலர்ந்துவிடும்.

நம் ஊர் அய்யனார், முனீஸ்வரன் மாதிரி அங்கே காவல் தெய்வம் உண்டா?
– வாசகர், போளூர்

உண்டு. கோலு தேவதா. வெள்ளைக் குதிரைமேல் வருகிற நியாயத்தின் சாமி. ராஜாவின் இளைய ராணிக்குப் பிறந்த குழந்தையை மூத்த ராணிகள் பெட்டியில் அடைத்து ஆற்றில் விட்டுவிட்டு, நீ பெற்றது இதுதான் என்று அம்மிக்கல்லைக் காட்டிவிட்டார்கள். நம் பாஷையில் குழவி என்றால் குழந்தை, அம்மியில் அரைக்கிற கல்லும் குழவி. இந்தக் கதை கேட்டதிலிருந்து அம்மியில் உட்கார்ந்தால் எனக்கு அந்தத் தாயின் நினைப்புத்தான். குழந்தையை ஒரு மீனவர் எடுத்து வளர்த்தார். வளர்ந்த பையன் மரக்குதிரையை ராணிகள் இருந்த துறைக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் குடி என்றான். மரக்குதிரை தண்ணீர் குடிக்குமா என்று அவர்கள் சிரித்தார்கள். பெண் கல்லைப் பெறுவாள் என்றால் குதிரையும் குடிக்கும் என்றான். ராஜாவுக்கு உண்மை தெரிந்தது.

அல்மோராவிலிருந்து 8 கிலோமீட்டரில் சித்தயி கோயில். கோர்ட்டில் கிடைக்காத நியாயத்தை ஜனங்கள் காகிதத்தில், சிலர் முத்திரைத் தாளிலேயே எழுதிக் கட்டிவிட்டுப் போகிறார்கள். காரியம் நடந்தால் மணி கட்டுகிறார்கள். ஆயிரக்கணக்கில் மணி, சுண்டுவிரல் அளவிலிருந்து தூக்க முடியாத அளவு வரை. காற்றடித்தால் அந்த இடமே பேசுகிற மாதிரி இருக்கும். அந்த மனுக்களைப் படிக்காதீர்கள். அது அவர்களுக்கும் சாமிக்கும் உள்ள பேச்சு.

அப்படியே இன்னும் கொஞ்ச தூரம் போனால் தேவதாரு காட்டுக்குள் ஜாகேஷ்வர், நூற்றுக்கும் மேற்பட்ட கற்கோயில்கள். வேலூர்க் கோட்டை ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூணின் வேலைப்பாட்டைப் பார்த்த கண்ணுக்கு அவை எளிமையாகத்தான் தெரியும். அந்தக் குளிரும் மரத்தின் வாசனையும் சேர்ந்தால்தான் அந்தக் கோயில்.

கோலம் அங்கே உண்டா அக்கா?
– வாசகி, ராணிப்பேட்டை

தீபாவளிக்கு முந்தின நாள் தீதி வாசற்படியைக் காவியால் மெழுகி, ஊறவைத்த அரிசியை அரைத்து, விரலால் இழை இழுக்க ஆரம்பித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாம் போடுகிற மாக்கோலமும் செம்மண்ணும்தான்! அவர்கள் ஐபண் என்கிறார்கள், அரைத்த மாவை பிஸ்வார் என்கிறார்கள். வாசலிலிருந்து பூஜை அறை வரை கை முஷ்டியை மாவில் தோய்த்து லட்சுமி பாதம் பதிக்கிறார்கள், கிருஷ்ண ஜெயந்திக்கு நாம் பதிக்கிற மாதிரியே. நான் புள்ளிக் கோலம் போட்டுக் காட்டினேன். புள்ளி வைத்துவிட்டு அதைச் சுற்றி வளைப்பதை அவர் நம்ப முடியாமல் பார்த்தார்.

2021-ல் ஐபணுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023-ல் நம்ம இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்குக் கிடைத்தது போல. அல்மோராக் கடைத்தெருவில் அச்சடித்த ஸ்டிக்கரும் விற்கிறார்கள். அதை வாங்காதீர்கள், பெண்கள் கையால் போட்டதைக் கேட்டு வாங்குங்கள்.

ஜனவரியில் போகலாமா? பொங்கலுக்கு வீட்டில் இல்லாமல் எங்கே போவது என்று மாமியார் கோபிக்கிறார்.
– வாசகி, காட்பாடி

குளிர் கடுமை. ராணிகேத்தில் சில நாள் பனி கொட்டும், முன்சியாரி ரோடு அடைபடும். அதற்குத் தயாராக இருந்தால் மாமியாரையும் கூட்டிக்கொண்டு பாகேஷ்வருக்குப் போங்கள். சரயுவும் கோமதியும் கூடுகிற இடத்தில் சங்கராந்திக்கு உத்தராயணித் திருவிழா நடக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் அதிகாரிகளின் மூட்டையைக் கூலியில்லாமல் சுமக்க வேண்டும் என்று கிராமம் கிராமமாகப் பேர் எழுதி வைத்திருந்தார்கள். 1921 ஜனவரியில் அந்தத் திருவிழாக் கூட்டம் பேரெழுதிய பதிவேடுகளையெல்லாம் சரயுவில் எறிந்தது. பத்ரி தத் பாண்டே முன்னால் நின்றார். அத்தோடு அந்தக் கூலி ஒழிந்தது.

உங்கள் மாமியாருக்குப் பிடிக்கப்போவது வேறு. அமாவாசைக்கு நாம் காக்காய்க்குச் சோறு வைக்காமல் சாப்பிடுவதில்லை, கனுவுக்குப் பிடி வைப்பவர்களும் உண்டு. அங்கே சங்கராந்தி ஒட்டி வெல்லம் கரைத்த தண்ணீரில் கோதுமை மாவு பிசைந்து, உடுக்கை, கத்தி, மாதுளம்பூ என்று வடிவம் செய்து எண்ணெயில் பொரிப்பார்கள். நடுவில் ஒரு ஆரஞ்சுப் பழம் வைத்து மாலையாகக் கோத்துப் பிள்ளைகள் கழுத்தில் போடுவார்கள். விடியற்காலையில் பிள்ளைகள் குளிரில் நடுங்கிக்கொண்டு முற்றத்தில் நின்று, கறுப்புக் காக்காயே வா, மாலையைத் தின்னு என்று கத்துவார்கள்.

என் மகளுக்கும் தீதி ஒரு மாலை கோத்துப் போட்டார். அவள் "கா கா" என்று தமிழில் கூப்பிட்டாள். காக்காய் வந்தது.