எங்கு வைத்தாலும் கத்தும் டிடெக்டரும் வாசலில் நிற்கும் தரகரும்

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் தாத்தா கட்டிய வீட்டை இடித்துவிட்டோம். கடைக்கால் தோண்டுமுன் பழைய காசு ஏதும் கிடைக்குமா என்று பார்க்க மெட்டல் டிடெக்டர் வாங்கினேன். மனையில் எங்கு வைத்தாலும் கத்துகிறது. ஐம்பது அடிக்கு அப்பாலிருந்தே தங்கத்தைக் காட்டும் கருவி தன்னிடம் இருப்பதாகவும், முன்பணமும் கிடைப்பதில் பாதியும் தந்தால் போதும் என்றும் ஒரு தரகர் சொல்கிறார். நம்பலாமா? (ராயபுரம் வாசகர்)

பதில்: உங்கள் கருவியில் பழுது இருப்பதாகத் தோன்றவில்லை. இடித்த மனை முழுவதும் துருப்பிடித்த ஆணியும் கம்பித் துண்டும் கலந்து கிடக்கும். ஒரு சிறு செம்புக்காசின் ஒலியைப் பக்கத்திலிருக்கும் ஓர் ஆணியே விழுங்கிவிடும். இரும்பை ஒதுக்கும் பொத்தானை முழுதாகத் திருகிவிட்டால் சத்தம் அடங்கும், ஆனால் ஆணியோடு சேர்ந்து காசும் மறைந்துவிடும். ஆகவே இடிபாட்டை அள்ளிய பிறகு, காந்தத்தை இழுத்து ஆணிகளைப் பொறுக்கிவிட்டு, உணர்திறனைக் குறைத்து, கருவியின் அடியில் உள்ள வட்டத் தேடுதட்டுக்குப் பதில் சிறியதொன்றை மாட்டி, தரையை உரசுவதுபோல மெதுவாக நகர்த்துங்கள். கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்திருக்காதீர்கள். வாசற்கால் நின்ற இடத்திலும் கடைக்கால் மூலைகளிலும் தொடங்குவது நல்லது. பூசை போட்டுக் காசு வைத்தது பெரும்பாலும் அங்கேதான். சாதாரணக் கருவி ஒற்றைக் காசை ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே காட்டுவது அரிது என்பதால், அதற்குக் கீழே உள்ள மண்ணைச் சல்லடையில் சலிப்பதே உத்தமம். (காசிமேட்டுக் கடற்கரை மணலில் பழகிப் பார்க்கலாம் என்று எண்ண வேண்டாம், உப்பு ஈரமும் வலையிலிருந்து உதிர்ந்த ஈயக்குண்டும் உங்களை இன்னும் குழப்பும்.)

இனி தரகர் விஷயம். ஐம்பது அடி தூரத்திலிருந்து ஒரு காசைக் காட்டும் கருவி உலகில் கிடையாது. கையில் ஆடும் கம்பி, மினுக்கும் விளக்கு, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தீர்மானிக்கும் அவருடைய மணிக்கட்டு, அவ்வளவுதான் அந்தக் கருவி. அரிசியைத் தன்பக்கம் இழுக்கும் அதிசயக் கலசம் என்றும் இரிடியம் என்ற அரிய உலோகம் என்றும் சொல்லிப் பலரின் சேமிப்பைக் கரைத்ததும் இதே வகைப் பேச்சுதான். குழியிலிருந்து ராமர் பட்டாபிஷேகமும் 1818 என்ற ஆண்டும் பொறித்த 'கம்பெனி காசு' ஒன்றை அவர் எடுத்துக் காட்டினால், அது அவரே கொண்டுவந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. சென்னைக்காக 1808இல் அது அடித்த இருபது காசு நாணயத்தில் இருப்பது கம்பெனியின் சின்னமும் பாரசீக எழுத்தும்.

இதைவிடப் பெரிய பொறி பங்கில் இருக்கிறது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, உரிமை கோரி எவரும் வராமல், முன்கூட்டிய ஒப்பந்தமும் இல்லாவிட்டால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. தரகர் கண்டெடுத்தவராகிவிட்டால் உங்கள் மனையிலேயே நீங்கள் கால் பங்குக்காரர். கிடைத்ததை மறைத்தால் கண்டெடுத்தவரின் பங்கு பறிபோவதோடு ஓராண்டு வரை சிறையும் உண்டு.

வீட்டில் பரண்மேல் டிரங்குப் பெட்டியில் இருந்த பாட்டியின் காசுகள் புதையல் ஆகா. பெட்டி, பானை, அலமாரி, சுருக்குப்பை எதில் இருந்தாலும், குடும்பத்தில் கைமாறி வந்தவை உங்களுடையவை. அவற்றைத் தூக்கிக்கொண்டு எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டாம். ஆனால் அதே காசுகள் சுவருக்குள் வைத்துப் பூசப்பட்டிருந்தால் கதை வேறு, ஏனெனில் சட்டம் மண்ணில் மறைந்ததை மட்டுமல்ல, மண்ணோடு பிணைந்தவற்றில் மறைந்ததையும் புதையல் என்கிறது. பரணில் இருந்தது உங்களுடையது, சுவருக்குள் இருந்தது தகவல் தர வேண்டியது.

அந்தச் சட்டம் வரையப்பட்டபோது பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலுக்குத் தகவல் தர வேண்டும் என்றுதான் கோடு போட்டார்கள். இன்று அதில் ஒரு டீ குடிக்கலாமா என்பதே சந்தேகம். ஆகவே ஆட்சியருக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள்: என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில், தோராய மதிப்பு என்ன. மனுவை வாங்கும் மேசை எதுவென்று தெரியாமல் நான் ஒருமுறை மூன்று மாடி ஏறி இறங்கியிருக்கிறேன். நேர்மையாக வருபவனை இப்படி அலையவிட்டால் அவன் தரகரிடம் போகாமல் என்ன செய்வான்? ஒப்புகைச் சீட்டு வாங்காமல் மட்டும் திரும்பாதீர்கள்.

கிடைத்த காசைப் புளியோ சாம்பலோ போட்டுத் தேய்க்க வேண்டாம். வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு, எந்த மூலையில் எத்தனை அடி ஆழத்தில் கிடைத்தது என்று உறையின்மேல் எழுதி வையுங்கள்.