நூலக மேஜையிலிருந்து வெப் டிசைனுக்கு: வாசகர் கேள்விகள்

தனியார் கல்லூரி நூலகத்தில் 11 வருஷமா இருக்கேன் அக்கா. வயசு 38. கோடிங் பக்கம் போனதே இல்லை. இனிமே வெப் டிசைன் கத்துக்க முடியுமா?
– வாசகி, பென்னாகரம்

தாராளமாக முடியும். கோடிங்கைப் புதிதாகத்தான் படிக்க வேண்டும். ஆனால் இந்தத் தொழிலின் பாதியை நீங்கள் தினமும் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். டூயி நூல் வகைப்பாட்டு எண்களின்படி மா சாகுபடிப் புத்தகத்தை 634-லும் பட்டுப்புழு வளர்ப்பை 638-லும் ஏன் வைக்கிறோம்? தேடி வருகிறவர் அலையக் கூடாது என்றுதானே. நூலகவியல் அறிஞர் சீர்காழி ரங்கநாதன் 1931-ல் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. வெப்சைட்டின் மெனுவுக்கும் அதேதான் விதி.

நான் நூலகத்தை விட்டு வந்த புதிதில், கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் வியாபாரிக்கு சைட் செய்தேன். அவர் கேட்ட மெனு: 'எங்களைப் பற்றி', 'எங்கள் பயணம்', 'எங்கள் சாதனை'. எனக்கு மனசு ஒப்பவில்லை. பழைய கேட்டலாக் கார்டுகளின் பின்பக்கத்தில், போனில் வாடிக்கையாளர்கள் கேட்பதை ஒவ்வொன்றாக எழுதினேன். 'பெங்களூரா கூழ் இருக்கா?', 'செந்தூரா எப்போ வரும்?', 'ஒரு டின் எத்தனை கிலோ?'. குடோன் தரையில் பரப்பிவிட்டு, தினமும் அந்தப் போனை எடுக்கும் கணக்குப்பிள்ளையையே அடுக்கச் சொன்னேன். சம்மணம் போட்டு உட்கார்ந்தவர், அரை மணி நேரத்தில் மூன்று குவியல் ஆக்கிவிட்டார்: சரக்கு, சீசன், அளவும் விலையும். அதுவே மெனு ஆனது. இதற்கு டிசைனர்கள் வைத்திருக்கும் பெயர் கார்டு சார்ட்டிங். நமக்கு அது புதுசா என்ன?

பெங்களூரு போய்ப் பெரிய கோர்ஸ் சேரலாமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

இப்போது வேண்டாம். கையில் இருந்ததைக் கட்டி நானும் ஓர் இடத்தில் சேர்ந்தேன். ரெடிமேட் டெம்ப்ளேட்டில் படம் மாற்றத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். முதலில் பக்கத்தின் கட்டமைப்பை எழுதும் எச்.டி.எம்.எல்., பிறகு அதன் தோற்றத்தை அமைக்கும் சி.எஸ்.எஸ். இரண்டுக்கும் நோட்பேடும் பிரவுசரும் போதும். உங்கள் நூலகத்துக்கே ஒரு பக்கம் செய்யுங்கள்: திறக்கும் நேரம், புது வரவு, உறுப்பினர் ஆகும் வழி. அது முடிந்தபின் பக்கத்தை இயங்கவைக்கும் ஜாவாஸ்கிரிப்ட், டிசைனை வரைந்து பார்க்கும் ஃபிக்மா.

லேப்டாப் எப்படி வாங்கணும்?
– வாசகி, அரூர்

8 ஜி.பி. ரேம் இருந்தால் போதும். செகண்ட் ஹேண்டும் பரவாயில்லை.

நான் செய்த தமிழ்ப் பக்கம் என் கம்ப்யூட்டரில் சரியாக இருக்கு, மற்றவர் போனில் கிறுக்கலாக வருது. ஏன்?
– வாசகர், பாலக்கோடு

பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் டைப் செய்திருப்பீர்கள். அந்த ஃபான்ட் இல்லாத போனில் வெறும் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத்தான் தெரியும். கன்வெர்ட்டரில் போட்டு, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற யூனிகோடு ஃபான்ட் இலவசம். மேலே சுழி, கீழே கொம்பு என்று நம் எழுத்துக்கு இடம் வேண்டும், அதனால் லைன் ஹைட்டை, அதாவது ஒரு வரியின் உயரத்தை, எழுத்தளவைப் போல் 1.6 மடங்கு வையுங்கள். வெளிர் சாம்பல் எழுத்தும் வேண்டாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும். பேப்பர் படிக்க வரும் பெரியவர்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

வேலையை விட்டுடலாமா?
– வாசகர், ஓசூர்

காசு வாங்கி மூன்று சைட்டாவது முடித்துக் கொடுக்கும் வரை விடாதீர்கள். அரசு நூலகர் என்றால், வெளி வேலைக்கு முன் அனுமதி வாங்குங்கள். நடத்தை விதி அது. பாதிப் பணம் அட்வான்ஸ். டொமைனை, அதாவது சைட்டின் முகவரியை, மட்டும் உங்கள் பெயரில் பதியவே பதியாதீர்கள், கடைக்காரர் பெயரில்தான் இருக்க வேண்டும். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.