அப்பாவின் ஊர்

ஐயா வணக்கம்,
கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு டிராவல் ஏஜென்சியில் வேலை செய்கிறேன். டிக்கெட்டை இப்போது எல்லாரும் கைப்பேசியிலேயே எடுத்துவிடுகிறார்கள். எங்களிடம் வருவது இந்திய இ-விசா போடத் தெரியாத வயசாளிகள்தான். அப்பா பிறந்த ஊரைக் கேட்டால் ஊர்க்கதை பேசுகிறார்கள். நேரமாகிறதென்று எல்லாருக்கும் 'சென்னை' என்று போட்டுவிடுகிறேன். இந்தத் தொழிலில் எதிர்காலம் உண்டா?
(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

எதிர்காலத்தை நீங்களும் உங்கள் முதலாளியும் பேசிக்கொள்ளுங்கள். விமான நிறுவனங்கள் கமிஷனில் கை வைத்துப் பல வருஷம் ஆகிறது, நான் சொல்லித் திரும்பி வரப்போவதில்லை.

ஆனால் அந்த 'சென்னை' இருக்கிறதே! படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. யார் அப்பாவுக்கு யார் ஊர் வைப்பது? மனு அந்தப் பெரியவர் பெயரில் போகிறது. நாளைக்குக் குடிநுழைவு முகப்பில் கேள்வி வந்தால் அவர்தான் விழிக்க வேண்டும், நீங்கள் இல்லை.

பினாங்கு ஸ்திரீட்டில் ஓர் ஏஜென்சிக்கு என் அத்தையைக் கூட்டிப்போனேன். கணினி முன் ஒரு பெண், உங்கள் வயதுதான் இருக்கும். உடம்பில் அடையாளம் கேட்டதும் அத்தை சட்டென்று முழங்கையைத் திருப்பிக் காட்டினார், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவும் கத்தி பட்ட தழும்பு. அப்புறம் அப்பா பிறந்த ஊர். "இந்தியா" என்றார் அத்தை. எங்கள் வீட்டில் அதுவரை அவ்வளவுதான்.

"தாத்தா எந்தக் கப்பல்ல வந்தாரும்மா?"

"ரஜுலா." 1926இல் ஓடத் தொடங்கிய கப்பல். தோட்டத்து ஆட்களில் பாதிப் பேர் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள்.

"எங்க ஏறினாராம்?"

"நாகப்பட்டினம்."

"அதுவரைக்கும் நடந்தா வந்தாரு?"

"இல்ல, ரயில்ல. திருத்துறைப்பூண்டின்னு சொல்லுவாரு. ஸ்டேஷனுக்குப் பக்கத்துலதான் பொறந்த வீடாம்."

பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். அந்தப் பெண் அவசரப்படாமல், அவ்வளவு நீளப் பெயரை ஆங்கிலத்தில் எழுத்தெழுத்தாக அடித்துவிட்டு, திரையைத் திருப்பி அத்தைக்குக் காட்டினாள். அத்தைக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. இருந்தும் காட்டினாள்.

நீங்கள் கெட்ட பிள்ளை இல்லை, தெரிகிறது. இல்லாவிட்டால் இதை எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். சோம்பல், அவ்வளவுதான். அடுத்த பாட்டி வந்தால் நாற்காலியைப் போடுங்கள், கப்பலில் ஆரம்பித்துக் கேளுங்கள். 'சென்னை' போட்டு அனுப்பியவர்களில் இன்னும் விமானம் ஏறாதவர் இருந்தால் இன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லுங்கள். இ-விசாவுக்குக் கட்டிய பணம் திரும்பி வராது. மறுபடி விண்ணப்பிக்க வேண்டிவந்தால் அந்தக் காசு உங்கள் பையிலிருந்து போகட்டும்.