சானிடைசர் மட்டும் போதாது, அக்கா
பாளையங்கோட்டையில் வீட்டு வாசலிலேயே இட்லிக் கடை, ஒன்றரை வயதுப் பையனுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு, சானிடைசர் போட்டும் நிற்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

கையில் மாவும் எண்ணெயும் இருந்தால் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோ வைரஸ் அதற்கு அவ்வளவாக அடங்காது. சோப்புதான் வேண்டும்: 20 விநாடி, விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரல், பிறகு ஓடும் தண்ணீர். பிள்ளைக்குக் கால் கழுவிவிட்ட உடனே, சட்னி அரைக்கும் முன், ஊட்டும் முன் தவறவே விடாதீர்கள். பச்சைப்பிள்ளை மலம்தானே என்று நினைக்க வேண்டாம், அதிலும் நோய்க்கிருமி இருக்கும்.

குடத்துக்குள் செம்பை விட்டுக் கோரினால் விரல் பட்டு, கொதிக்கவைத்த தண்ணீரும் கெடும். குழாய் வைத்த பாத்திரம் நல்லது. இட்லி ஆவியில் வெந்தது, சூடாகக் கொடுத்தால் பயமில்லை. தேங்காய்ச் சட்னிதான் கவலை: வேகாதது. நம்ம ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக அரையுங்கள்.

வயிற்றுப்போக்கின்போது ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைப் பொடி) பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிடுங்கள். டாக்டரிடம் கேட்டு துத்தநாக மாத்திரை 20 மி.கி., போக்கு நின்றாலும் 14 நாள். மலத்தில் ரத்தம், கண் குழிவு, சிறுநீர் குறைவு தெரிந்தால் உடனே ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உங்களுக்கே போக்கு வந்தால், நின்று 48 மணி நேரம் ஆகும்வரை மாவில் கை வைக்காதீர்கள்.