பக்கத்து வீட்டு யூனிட்: மின்சேமிப்பு கேள்வி பதில்

40 வீட்டு அடுக்ககம். சராசரி யூனிட்டை வாட்ஸ்அப்பில் போட்டோம். சிக்கனமாக இருந்தவர்கள் கூட்டிவிட்டார்கள். ஏன்?

சராசரியை மட்டும் தனியாகப் போட்டதுதான் காரணம். அது இரண்டு பக்கமும் இழுக்கும். கலிபோர்னியாவின் சான் மார்கோஸில் உளவியலாளர்கள் ஷுல்ட்ஸ், சியால்டினி குழுவினர் சுமார் 290 வீடுகளின் கதவில், அந்த வீட்டின் செலவும் அக்கம்பக்கச் சராசரியும் எழுதிய சீட்டு மாட்டிச் சோதித்தார்கள் (2007இல் வெளியானது). சராசரியைத் தாண்டியவர்கள் குறைத்தார்கள். கீழே இருந்தவர்கள் ஏறினார்கள். சீட்டில் ஒரு சிரித்த முகம் வரைந்ததும் அந்த ஏற்றம் நின்றது. குறைவாகச் செலவழிப்பவருக்குப் பாராட்டு கட்டாயம் வேண்டும்.

உங்கள் சீட்டில் மூன்று எண் போதும்: அவர் வீட்டு யூனிட், அதே அளவுள்ள வீடுகளின் சராசரி, மிகக் குறைவான ஐந்தில் ஒரு பங்கினரின் சராசரி. இரண்டு படுக்கையறை வீட்டை மூன்றோடு ஒப்பிடாதீர்கள். பூட்டிய வீடுகளை நீக்குங்கள்; அவை சராசரியைப் பொய்யாக இறக்கிவிடும். ரீடிங் எல்லாம் ஒரே நாளில் எடுங்கள். கீழே ஒரே ஒரு யோசனை: கோடையில் ஏசி 26 டிகிரி, மார்கழியில் கீசரைக் குளித்ததும் அணைப்பது.

ரூபாயில் போடலாமா?

வேண்டாம். தமிழ்நாட்டில் இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிநிலைக் கட்டணம். 40 யூனிட் வீட்டுக்கும் 95 யூனிட் வீட்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

எவ்வளவு குறையும்?

அமெரிக்காவில் ஓபவர் நிறுவனம் இப்படி அனுப்பிய அறிக்கைகளை, சுமார் 6 லட்சம் வீடுகளில் பொருளியலாளர் ஹன்ட் ஆல்காட் ஆராய்ந்தார் (2011). சராசரிக் குறைவு 2 சதவீதம். 20 சதவீதம் என்று கூட்டத்தில் வாக்குக் கொடுக்காதீர்கள்.

அதிகம் செலவழிப்பவர் பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்டலாமா?

கூடாது. சீட்டு அவரவர் கதவுக்கு மட்டும்.

பராமரிப்புப் பாக்கிக்குப் பெயர் ஒட்டுகிறோமே! அப்போதுதான் உறைக்கிறது.

பாக்கி சங்கத்துக்குச் சேர வேண்டிய பணம். மின்சாரத்துக்கு அவர் காசு கட்டிவிட்டார். படுத்த படுக்கையாய் இருக்கும் பெரியவருக்காக இரவெல்லாம் ஆக்சிஜன் இயந்திரம் ஓடும் வீடாக இருக்கலாம். அந்தப் பெயரை ஒட்டிவிட்டு அவர் முகத்தில் எப்படி விழிப்பீர்கள்?

சரி, குறைவானவர் பெயரையாவது?

12 யூனிட் என்று ஒட்டினால் எந்த வீடு பூட்டிக் கிடக்கிறதென்று திருடனுக்கும் தெரியும். கேட்டுச் சம்மதித்தவர் பெயரை, எண் இல்லாமல் பாராட்டுங்கள்.

சராசரி மட்டும் அனுப்பினால் போதாதா?

முதல் பதிலைப் படியுங்கள்.

சோலார் மானியம்?

என் துறை அல்ல. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேளுங்கள்.

ஒரு தடவை அனுப்பிவிட்டு நிறுத்தலாமா? சராசரி மட்டும்தான்...

சராசரி மட்டும் கூடாது, மூன்றாவது முறையாகச் சொல்கிறேன். ஒரு தடவையோடு நிறுத்தினால் பழைய பழக்கம் திரும்பிவிடும். ஒவ்வொரு ரீடிங்குக்கும் அனுப்புங்கள். சித்திரையைப் போன சித்திரையோடு ஒப்பிடுங்கள், தையோடு அல்ல.